அல்சரா, காசநோயா, கல்லீரலா? ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் வயிற்று வலிக்கு விடை கிடைக்காமல் போனது ஏன்?

1917-ம் ஆண்டின் கோடைத் தொடக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தாம்ப்சன்ஸ் லேன் என்ற தெருவில் இருந்த சிறிய நர்சிங் ஹோமில் 29 வயது இந்தியர் ஒருவர் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் முதலில் சந்தேகப்பட்டது இரைப்பைப் புண். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அல்சர். சில மாதங்களில் அந்தச் சந்தேகம் காசநோயாக மாறியது. பிறகு கல்லீரலில் பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்றார் ஒரு லண்டன் நிபுணர். அதையும் கைவிட்டு, ரத்தத்தில் எங்கிருந்தோ நச்சு கலந்திருக்கிறது என்றார்கள். ஊர் திரும்பியதும் மறுபடி காசநோய். மூன்றே வருடத்தில் அவர் இறந்துபோனார்.

அந்த நோயாளி சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் பிறந்த கணித மேதை.

அவரைப் பற்றிப் பேசும்போது 1729, நாமகிரித் தாயார், ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாம் தவறாமல் வந்துவிடும். அவருடைய வயிறு மட்டும் வராது. ஆனால் அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் அந்த வயிறும் கூடவே இருந்திருக்கிறது. இன்று யாருக்காவது வயிற்று வலி, பசியின்மை, சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வாய் வழியா டியூப் விட்டுப் பார்த்துடலாம் என்கிறார்கள். கோவையிலும் ஈரோட்டிலும் எண்டோஸ்கோபி பத்து நிமிட வேலை. ராமானுஜன் காலத்தில் அது இல்லை. இருந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? நேரான பதில் இல்லாத கேள்வி இது.

கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு பிரசவம்

1887 டிசம்பர் 22. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த கோமளத்தம்மாளுக்கு ஈரோட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அவருடைய அப்பா நாராயண ஐயங்கார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். அன்றைக்கு ஈரோடு தனி மாவட்டம் கிடையாது. கோயம்புத்தூர் ஜில்லாவில் ஓர் ஊர். ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பெரியார் மாவட்டம் பிரிந்தது 1979-ல்தான்.

ராமானுஜனின் அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர். குழந்தையோடு அம்மா அங்கே திரும்பினார். இரண்டு வயதில் அவருக்கு அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டார், முகத்தில் தழும்பு மட்டும் மிச்சம். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் பச்சிளம் வயதிலேயே இறந்துபோயின. அம்மை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என ஏதாவது ஒன்று குழந்தைகளைக் கொண்டுபோவது அன்றைக்கு எல்லா வீட்டிலும் நடந்தது. குடிக்கும் தண்ணீர்தான் அதில் பெரும்பங்கு வகித்தது என்பதை இப்போது சொல்வது சுலபம்.

பள்ளிக்கூடக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் ஜில்லாவில் முதலிடம், 1898-ல் டவுன் ஹைஸ்கூல், 1903 வாக்கில் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதச் சூத்திரத் தொகுப்பு. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு வேறு எந்தப் பாடத்திலும் அவர் மனம் நிற்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் வயிறு முதல் தடவை வேலையைக் காட்டியது. சில மாதங்களிலேயே கடும் சீதபேதி. படிப்பைப் பாதியில் விட்டுக் கும்பகோணம் திரும்பினார். அந்த வருட இறுதியில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. அடுத்த வருடமும் அதே கதை.

சீதபேதி வந்தது, போனது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாதாரணமாக அப்படித்தானே நினைப்போம்? இந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 90 வருடம் கழித்து ஒரு மருத்துவர் திரும்பி வந்து நின்றது இங்கேதான்.

இரண்டு நோட்டுப் புத்தகங்களும் ஒரு ரயிலும்

1909 ஜூலை 14-ல் ராமானுஜனுக்குத் திருமணம். மணமகள் ஜானகிக்குப் பத்து வயது. ஊர், குளித்தலை பக்கத்து ராஜேந்திரம். இன்றைக்கு கரூர் மாவட்டம். கல்யாணம் முடிந்த சில மாதங்களில், 1910 தொடக்கத்தில், விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பணம் இல்லாத குடும்பம் என்பதால் மருத்துவர் ஒருவர் காசு வாங்காமல் செய்துகொடுத்தார்.

அதே காலகட்டத்தில் சென்னையில் வேலை தேடி அலைந்தபோது மறுபடி படுத்துவிட்டார். நண்பர் ராதாகிருஷ்ண ஐயர் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினார். வீட்டில் இருந்து கவனிக்க வேண்டிய நிலை என்று மருத்துவர் சொல்லவே, ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். ஏறும் முன் ராமானுஜன் தன்னுடைய இரண்டு நோட்டுப் புத்தகங்களை நண்பரிடம் கொடுத்தார். தான் இறந்துவிட்டால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். 22 வயசுப் பையன் அப்படிக் கேட்கிறான் என்றால் உடம்பு எந்த அளவுக்குப் பயமுறுத்தியிருக்கும்!

பிழைத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம். 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஏப்ரலில் லண்டன்.

கேம்பிரிட்ஜ் சமையலறை

அடுத்த மூன்று வருடங்கள் கணித உலகத்துக்குப் பொற்காலம், அவருடைய உடம்புக்கு நேர்மாறு. சைவச் சாப்பாடு மட்டும் என்பதில் அவர் கொஞ்சமும் இறங்கிவரவில்லை. டிரினிட்டி கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிட மாட்டார். அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். புளி, பருப்பு, மசாலா சாமான் எல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வர வேண்டும். வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் வெடித்துவிட்டதால் அதுவும் தட்டுப்பாடு. கணக்கில் உட்கார்ந்துவிட்டால் ராத்திரி பகல் தெரியாது. நாளுக்கு ஒருமுறை சமைத்தால் பெரிது, சில நாள் அதுவும் இல்லை.

சமைப்பதில் ஒரு பெருமையும் அவருக்கு இருந்தது. நண்பர் சாட்டர்ஜியையும், சாட்டர்ஜிக்கு நிச்சயமான பெண்ணையும் ஒருநாள் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை அந்தப் பெண் போதும் என்றதும், ராமானுஜன் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, நேராக ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய்விட்டாராம், நாலைந்து நாள் கழித்துத்தான் வந்தார். சாப்பாடு அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

ஆக, 1917-ல் அவர் படுத்தபோது ஆங்கிலேய மருத்துவர்களின் கண்ணில் பட்டது என்ன? நேரத்துக்குச் சாப்பிடாத, புளியும் காரமும் சாப்பிடுகிற, தூக்கம் இல்லாத, எடை குறைந்த இளைஞர். வயிற்றுத் தொந்தரவு. அல்சர் என்று நினைத்ததில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் மேல்வயிற்றுத் தொந்தரவு என்றால் மருத்துவர் மனதில் முதலில் நிற்பது அதுதான். அமிலம் இல்லாமல் புண் இல்லை என்ற கொள்கையை கார்ல் ஷ்வார்ஸ் 1910-ல்தான் முன்வைத்திருந்தார். 1915-ல் அமெரிக்காவின் சிப்பி என்ற மருத்துவர், அல்சர் நோயாளிக்கு மணிக்கொரு தடவை பாலும் க்ரீமும் கொடுக்கும் பத்தியத்தைப் பிரபலப்படுத்தியிருந்தார். அமிலம், அவசரம், காரம் என்ற மூன்றில்தான் அன்றைய யோசனை சுற்றிச்சுற்றி வந்தது.

உள்ளே பார்க்க அன்றைக்கு என்ன வழி?

கையால் அமுக்கிப் பார்க்கலாம். காய்ச்சலைக் குறித்துவைக்கலாம். ரத்தம், மலம், சளி சோதிக்கலாம். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கும் முறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அதில் தெரிவது நிழல் மட்டும்.

குழாய் விட்டுப் பார்க்கும் ஆசை அதற்கும் முன்பே இருந்தது. ஜெர்மனியின் குஸ்மால் 1868-ல் நீளமான உலோகக் குழாயை உள்ளே இறக்கிப் பார்த்தார். அதற்கு ஒத்துழைத்தவர் யார் தெரியுமா? வாள் விழுங்கும் வித்தைக்காரர். சாதாரண நோயாளியால் அது ஆகாத காரியம். ஓரளவு வளையக்கூடிய குழாயை ஷிண்ட்லர் உருவாக்கியது 1932-ல். நாம் இப்போது பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு வழி திறந்ததில் ஓர் இந்தியருக்குப் பங்கு உண்டு: பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று அவரும் ஹாப்கின்ஸும் 1954-ல் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தார். 1957-ல் முதலில் தன் தொண்டையிலேயே அதை இறக்கிப் பார்த்துக்கொண்டார். ராமானுஜன் இறந்து 37 வருடம் ஆகியிருந்தது.

ஊர் ஊராக சானடோரியம்

கேம்பிரிட்ஜிலிருந்து அவரை சாமர்செட் பகுதியின் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அதை நடத்தியவர் டாக்டர் சவுரி முத்து, தென்னிந்தியர். பிற்காலத்தில் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கியதும் இவர்தான், 1928-ல். சென்னை புறநகர் ரயிலில் போகிறவர்கள் இன்றும் தாண்டிப்போகும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பெயர் அப்படி வந்ததே.

அங்கே ராமானுஜன் அதிக நாள் தங்கவில்லை. 1917 கடைசியில் டெர்பிஷரின் மேட்லாக் சானடோரியம், ஏறத்தாழ ஒரு வருடம். காசநோய்க்கு அன்றைக்கு மருந்து கிடையாது. குளிர்ந்த திறந்தவெளிக் காற்று, படுக்கை ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. குளிர்காலத்து இங்கிலாந்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கச் சொன்னார்கள். ரசம் சாதத்துக்கு ஏங்குகிறவருக்கு அங்கே சமைத்துக்கொடுத்தது பிடிக்கவில்லை. சாப்பாட்டுச் சண்டையில் மருத்துவர்களும் களைத்துப்போனார்கள். அவரைப் போய்ப் பார்த்துவந்த ஏ.எஸ். ராமலிங்கம் என்ற தமிழர், கவலையோடு ஹார்டிக்கு நீண்ட கடிதமே எழுதினார்.

இதற்கிடையில் பாட்டி ஷா என்ற லண்டன் நிபுணர், 1910 அறுவை சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அகற்றியது விரைவீக்கம் அல்ல, புற்றுக் கட்டியாக இருக்கலாம், இப்போது அது கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம் என்பது அவர் ஊகம். ஆறு மாதம் ஆகியும் நோயாளி மோசமாகவில்லை என்றதும் அந்த ஊகமும் விழுந்தது. ஆனால் கவனியுங்கள்: கல்லீரல் என்ற சொல் அப்போதே வந்துவிட்டது. அவருக்குத் திசை சரியாகவும் நோய் தப்பாகவும் தெரிந்திருக்கலாம்.

உடம்பு மட்டுமா? மனசும் உடைந்துபோயிருந்தது. வீட்டிலிருந்து கடிதம் ஒழுங்காக வரவில்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே பிணக்கு. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இருந்ததால் ஊர் திரும்பவும் வழியில்லை. அந்த நிலைமையில்தான் கௌரவங்கள் வரிசையாக வந்தன. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஓர் எண்ணை எத்தனை வழியில் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியோடு சேர்ந்து அவர் கண்ட சூத்திரமும் 1918-ல் வெளியானது. 200 என்ற எண்ணை 39,72,99,90,29,388 வழிகளில் பிரிக்கலாம். அதைக் கணக்கிட வழி சொன்னவருக்குத் தன் காய்ச்சல் ஏன் வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை.

லண்டன் பட்னியில் இருந்த மருத்துவ இல்லத்தில் அவர் படுத்திருந்தபோதுதான் ஹார்டி டாக்ஸி எண் 1729-ஐச் சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இவர் படுக்கையிலிருந்தே பதில் சொன்னதும் நடந்தது. காய்ச்சல் குறைந்து, கொஞ்சம் எடை கூடியிருந்தார். 1918 நவம்பரில் போர் முடிந்தது. 1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார்.

கொடுமுடியில் ஒரு கோடை

சென்னைக்கு வந்தவரைப் பார்த்து எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். காசநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றார். அவருடைய முடிவும் காசநோய்தான்.

1919 கோடையில் குடும்பம் கொடுமுடிக்குப் போனது. பிறந்த ஈரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். மகுடேசுவரர் கோயில், காவிரிக் கரை, அக்கிரகாரத்து வீடு. 32 வருட வாழ்க்கையில் கொங்கு மண்ணில் அவர் நோயாளியாகக் கழித்த காலம் இதுதான். வறண்ட காற்று நுரையீரலுக்கு நல்லது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பின்னாளில் பெருந்துறையில் காசநோய் சானடோரியம் வந்ததற்குப் பின்னாலும் அதே நம்பிக்கை உண்டு. ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி நிற்பது அந்தச் சானடோரியம் இருந்த இடத்தில்தான். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் சானடோரியம்தான்.

ஆனால் நோய் நுரையீரலில் இல்லையென்றால் காற்று என்ன செய்யும்? செப்டம்பரில் கொடுமுடியிலிருந்து கும்பகோணம். தஞ்சாவூருக்குப் போகச் சொன்னபோது அந்தப் பெயரை உடைத்து, தன் சாவு ஊர் என்று சிலேடையாக்கி மறுத்தாராம். 1920 ஜனவரியில் சென்னை, கடைசியாக சேத்துப்பட்டு.

ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். போலி தீட்டா சார்புகள் என்று தான் பெயர் வைத்த புது வகைச் சார்புகளைப் பற்றியது அது. வலி வரும் நேரத்தில் ஜானகி வெந்நீரில் துணி நனைத்து மார்பிலும் காலிலும் ஒத்தடம் கொடுப்பார். சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் என்று நேரத்துக்கு நேரம் ஏதாவது கொடுத்துப் பார்ப்பார். ஒத்தடத்துக்குத் தண்ணீர் சுடவைத்த இரண்டு பாத்திரங்களையும் அதன்பின் எழுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார்.

1920 ஏப்ரல் 26 காலையில் ராமானுஜன் இறந்தார். கடல் தாண்டிப் போனவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. உடல் எரியூட்டப்பட்டது. பிரேதப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அதனால் இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

1994-ல் வந்த மறுவாசிப்பு

அந்த ஊகங்களில் மிக வலுவானது டி.ஏ.பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவருடையது. கிடைத்த கடிதங்கள், மருத்துவர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து, ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் 1994-ல் எழுதினார். அவருடைய முடிவு: கல்லீரல் அமீபா தொற்று. ஜானகி காலமானதும் அதே 1994-ல்தான்.

இது எப்படி வரும்? அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக என்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற ஒற்றைச் செல் கிருமி பெருங்குடலுக்குள் போகும். சீதபேதியைக் கொடுக்கும். பேதி நின்றுவிடும், கிருமி சிலருக்கு உள்ளேயே தங்கிவிடும். மாதங்கள், சில நேரம் வருடங்கள் கழித்து ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய்க் கட்டியாகும். ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, வலது மேல்வயிற்றில் வலி, எடைக் குறைவு, பசியின்மை. கட்டி மேலே உதரவிதானத்தைத் தொட்டால் இருமலும் வரும். காய்ச்சல், வியர்வை, இளைப்பு, இருமல்... வெளியிலிருந்து பார்த்தால் காசநோய் மாதிரியேதான் இருக்கும்.

இப்போது 1906-க்குத் திரும்பிப் பாருங்கள். பச்சையப்பன் கல்லூரிக் காலத்துச் சீதபேதி. 1909, 1910 வாக்கில் மறுபடி வந்த நோய். 1917-ல் வயிற்று வலியும் காய்ச்சலும். யங் கோத்தது இந்த மணிகளைத்தான்.

இதில் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அமீபாவுக்கு அன்றைக்கே மருந்து இருந்தது. எமெட்டின் ஊசி போட்டால் கேட்கும் என்று 1912-ல் காட்டியவர் லெனார்ட் ராஜர்ஸ். காட்டிய இடம் கல்கத்தா. அதாவது ராமானுஜன் கப்பலேறுவதற்கு இரண்டு வருடம் முன்பே இந்தியாவில் தெரிந்த சிகிச்சை. ஆனால் இந்தியாவிலிருந்து வந்த நோயாளிக்கு வயிற்று வலி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முன்பு எப்போதாவது சீதபேதி வந்ததா என்பது. சீதபேதியைப் பற்றி இங்கிலாந்தில் யார் கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. பழைய அறுவை சிகிச்சை பற்றியே மற்ற மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்து, பாட்டி ஷாதான் கண்டுபிடித்தார் என்பதிலிருந்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

எண்டோஸ்கோபி இருந்திருந்தால்?

யங் சொல்வது சரி என்றால், எண்டோஸ்கோபியில் அவருடைய நோய் தெரிந்திருக்காது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாய் வழியாகப் போகும் அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஆகியவற்றை மட்டும் காட்டும். கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாம் அதன் பார்வைக்கு வெளியே. ஆனால் ஒன்று நடந்திருக்கும். இரைப்பையில் புண் இல்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும். பிறகு பார்வை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

செரிமானக் கோளாறு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, புகாரின் பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை எண்டோஸ்கோபி வந்தபிறகுதான் உலகம் கண்ணால் பார்த்தது. தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் மிக அதிகம். எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய சோமர்வெல், கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி ஆயிரக்கணக்கில் செய்தது இந்தப் புண்ணுக்கான அறுவை சிகிச்சைதான். அரிசிச் சோறு காரணமா, மிளகாய் காரணமா, கவலை காரணமா என்று ரொம்ப காலம் விவாதம் ஓடியது.

ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980-களில் அதை முடித்துவைத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல். மிளகாய் தப்பித்தது. புண் இருக்கிறவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவது அது இல்லை.

அதன்பின் படம் மாறத் தொடங்கியது. ஆன்டிபயாடிக், 1980-களின் கடைசியில் வந்த ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள், சுத்தமான தண்ணீர், சின்னக் குடும்பம் எல்லாம் சேர்ந்து பழைய அல்சரைக் குறைத்தன. கிருமி ஒழியவில்லை, இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கிறது, புண் வருவது சிலருக்குத்தான். இப்போது டியூப் போட்டால் அதிகம் கண்ணில் படுவது உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமிலம் ஏறிவந்து உண்டாக்கிய அரிப்பு. நாம் நெஞ்சு கரிக்குது என்கிறோமே, அதேதான். உடல் எடை, தொப்பை, ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டு உடனே படுப்பது எல்லாம் இதற்கு உதவி செய்கின்றன. அடுத்தது வலி மாத்திரைப் புண். மூட்டு வலி, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வருவது. வலியே தெரியாமல் திடீரென்று கறுப்பாக மலம் போய்த்தான் சிலருக்குத் தெரியவருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம் எது? எதுவுமே இல்லாதவர்கள். செரிமானக் கோளாறு என்று வந்து எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு உள்ளே எல்லாம் நார்மல். இரைப்பையின் அசைவும் நரம்புகளின் உணர்திறனும் மாறியிருப்பதால் வரும் தொந்தரவு அது. பொய் வலி கிடையாது, நிஜமான வலி. ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, அப்புறம் ஏன் வலிக்குது என்று இவர்கள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறார்கள்.

அப்படியென்றால் யாருக்கு அவசியம்? விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை, விடாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. நடுத்தர வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொந்தரவு ஆரம்பித்தாலும் அப்படித்தான். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே, விரல் கனத்துக்கும் குறைவான குழாய், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துக் கிருமிக்கும் புற்றுக்கும் சோதனை. வியர்த்துக் கொட்டி நெஞ்சு அடைக்கிறது என்றால் மட்டும் கேஸ் மாத்திரை தேடாமல் முதலில் ஈசிஜி.

காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், எண்டோஸ்கோபி நார்மல் என்றாலும் விஷயம் முடியவில்லை. அடுத்து வயிற்று ஸ்கேன். அமீபா கல்லீரல் கட்டி நம் ஊர்களிலிருந்து ஒழிந்துவிடவில்லை; ஈரோட்டிலும் கோவையிலும் அரசு மருத்துவமனைகளிலேயே அல்ட்ராசவுண்டில் அது தெரிந்துவிடும். மெட்ரோனிடசோல் பத்து நாள், குடலில் தங்கிய கிருமிக்குத் தொடர் மாத்திரை, கட்டி பெரிதாக இருந்தால் ஊசி வழியாகச் சீழை எடுப்பது. மருத்துவர் கேட்காவிட்டாலும், முன்பு எப்போதோ சீதபேதி வந்திருந்தால் அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.